மூன்றடி மேடு

ஐப்பசி இரண்டாம் வாரம். இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்கு நடந்தேன். கூத்தாநல்லூரில் வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு புது மனை இருக்கிறது. ஆவணியில் மண் அடித்து மூன்றடி உயர்த்திவிட்டு, தை பிறந்ததும் கடைக்கால் தோண்டலாம் என்று அப்படியே போட்டுவைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலம் கிடந்தால் மண் நன்றாக இறுகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பா காலத்திலிருந்து கேட்டுவரும் பேச்சு இது.

மேட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுள்ள சரளைக்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு மண் தூணின் மேல் நின்றுகொண்டிருந்தது. தூண் ஒவ்வொன்றும் அரை அங்குல உயரம். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்துவிட்டது. சுற்றியிருந்த மண் போய்விட்டது. அந்த அரை அங்குலம்தான் அந்த இடத்தில் மழை எடுத்துக்கொண்டு போன கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம்தான் சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்தார். அதில் முழங்கால் உயரம் வரை செம்மண் புள்ளிகள், யாரோ துடைப்பத்தை நனைத்து உதறியதுபோல.

மேட்டின் சரிவில் விரல் பருமனுள்ள ஓடைகள் பத்துப் பன்னிரண்டு இறங்கியிருந்தன. அவை கீழே போய் ஒன்றாகி, வரப்பை ஒரு முழம் உடைத்துக்கொண்டு, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா வயலுக்குள் நுழைந்திருந்தன. நுழைந்த இடத்தில் மண் விசிறிபோல் விரிந்து படிந்திருந்தது. நடுவில் ஓர் ஓடை இரண்டாகப் பிரிந்து, இரண்டும் மறுபடி பிரிந்து, கிளை கிளையாக ஓடி மறைந்தது. கல்லணைக்குக் கிழக்கே காவிரி என்ன செய்ததோ அதன் குட்டிப் படம் அது. சரிவு குறைந்தால் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமக்க முடியாததைக் கீழே போடும். அந்த விசிறிக்கு அடியில் நாற்றின் தலைகூட வெளியே தெரியவில்லை.

உடைந்த வரப்பில் ஓடிய தண்ணீரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டீயில் பால் கூடிப்போன நிறம். பாட்டிலைச் சன்னல் திட்டில் வைத்தேன். இந்த அத்தியாயம் அந்த பாட்டிலைப் பற்றியதுதான்.

முதலில் மழைத்துளி. தூறலில் விழும் அரை மில்லிமீட்டர்த் துளி நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அடைமழையின் ஐந்து மில்லிமீட்டர்த் துளி நொடிக்கு ஒன்பது மீட்டர். ஒரு சைக்கிள்காரர் இறக்கத்தில் முழு மூச்சாக மிதித்துப் போகிற வேகம் அது. பெரிய துளியின் எடை சிறியதைப்போல ஆயிரம் மடங்கு. வேகமும் நாலு மடங்குக்கு மேல். இயக்க ஆற்றல் எடையோடும், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் கூடும். எனவே ஒரு பெரிய துளி இறங்குகிற இடத்தில் சிறிய துளியைப்போல ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு அடி விழுகிறது. புல்லோ, சருகோ, வைக்கோலோ இருந்தால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். ஒன்றும் இல்லாத மண்ணில் துளி வெடித்து, மண் கட்டியை நொறுக்கி, பொடியை நாலாபுறமும் வீசும். வெள்ளைச் சுவரில் இருந்த புள்ளிகள் இப்படி வந்தவைதான். அரிப்பின் முதல் வேலையாள் துளி. ஓடும் நீர் பிறகு வந்து, துளி உடைத்து வைத்ததை அள்ளிக்கொண்டு போகிறது.

மண் அரிப்பைக் கணக்கிடுவதற்கு அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் 1965-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். 1978-இல் அதைத் திருத்தினார்கள். உலகமெங்கும் இன்றும் அதன் வாரிசுகளே புழக்கத்தில் இருக்கின்றன. மழையின் அடி, மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே இருக்கும் மூடாக்கு, தடுப்பு ஏற்பாடு. இவற்றைப் பெருக்கினால் ஓர் ஆண்டில் போகும் மண் கிடைக்கும். கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். பெருக்கலில் ஓர் எண் சுழியை நெருங்கினால் விடையும் சுழியை நெருங்கும். காவிரிப் படுகையில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் சரிவு சுழியை நெருங்கியது. வயல் மட்டப்படுத்தியது, சுற்றி வரப்பு கட்டியது. அதனால் எங்கள் பக்கத்தில் மண் அரிப்பு என்ற சொல்லே ஆற்றங்கரை உடையும்போதுதான் காதில் விழும்.

ஆனால் வீடு கட்டுகிறவர் முதலில் செய்வது என்ன? சரிவு இல்லாத நாட்டில் சரிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஐப்பசி கார்த்திகையில் வயல் நிரம்பினால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். சாலையும் ஒவ்வொரு முறை தார் போடும்போது சற்று உயர்கிறது. சாலைக்கு மேல் வீடு நிற்க வேண்டும் என்று மூன்றடி, நாலடி மண் அடிக்கிறார்கள். 2,400 சதுர அடி மனையில் மூன்றடி என்றால் 7,200 கன அடி. மண் லாரிக்காரர் கணக்கில் 72 யூனிட். வெளியூரிலிருந்து வந்த சவுடும் கிராவலும் ஓரத்தில் தன்னால் நிற்கும் சாய்வில் நிற்கின்றன. ஊட்டியில் ஒரு தேயிலைத் தோட்டச் சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு செங்குத்து, கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் திருவாரூர் மாவட்டத்தில். சூத்திரத்தில் சுழியை ஒட்டி இருந்த எண்ணை நாமே தூக்கி நிறுத்துகிறோம். மூடாக்கு என்ற எண்ணையும் அதே நாளில் எடுத்துவிடுகிறோம். அதுவும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் பெய்கிற மூன்று மாதத்துக்கு முன்னால்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்த மனையின் மேற்பரப்பிலிருந்து மழைக்காலம் முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு சென்டிமீட்டர் மண் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் பார்த்த கல் தூண்கள் ஒரே காலையில் அதைவிட உயரமாக இருந்தன. ஆனால் அவை ஓரத்தில் இருந்தவை, நடுவில் அவ்வளவு போகாது. ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 80 கன அடி. எடையில் மூன்று டன். இரண்டடி அகலமுள்ள கன்னி வாய்க்காலில் அது அப்படியே படிந்தால் 80 அடி நீளத்துக்கு அரை அடி உயரம் மேடாகும். பாதி வயலுக்குள் போய்விட்டது என்றாலும் 40 அடி வாய்க்கால் போயிற்று. ஒரு வீட்டுக்கு இவ்வளவு. ஒரு நகரில் நாற்பது மனை இருந்தால்?

வாய்க்கால் அரை அடி மேடானால் என்ன, மேலே ஓரடி இருக்கிறதே என்று தோன்றும். நீரோட்டம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அயர்லாந்துப் பொறியாளர் மானிங் 1889-இல் கொடுத்த சூத்திரத்தைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆழம் குறைந்தால் நீர் ஓடும் இடமும் குறைகிறது, தரையோடு உரசுவதால் வேகமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன. ஒன்றரை அடி ஆழம் ஓரடியாக ஆனால், அகன்ற வாய்க்காலில் ஓட்டம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இரண்டடிக் கன்னி வாய்க்காலில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஆழத்தில் போனது மூன்றில் ஒன்றுதான். பாய்ச்சும்போது கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதும், வடியும்போது மூன்று நாளில் வடிய வேண்டியது ஆறு நாளாகியும் வடியவில்லை என்பதும் இதனால்தான். டெல்டாவில் வாய்க்காலும் வடிகாலும் பல இடத்தில் ஒன்றேதான். கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அதற்குக் கீழே எங்கள் பக்கத்தில் ஒரு வயலுக்கு வடிகாலாக இருப்பது அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்கால்.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல்தானே தஞ்சை? புது வெள்ளம் கலங்கலாக வந்தால் கையெடுத்துக் கும்பிட்ட ஊர்தானே? மண் வந்தால் நல்லதுதானே? இதை என்னிடம் கேட்டவர் ஒரு விவசாயி. கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆற்று வண்டல் என்பது மேற்கே காடும் கழனியும் தேய்ந்து, சத்தும் மக்கும் ஒட்டிய மென்துகளாக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சலித்து வந்த மேல்மண். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் அதில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. மனையிலிருந்து வருவது அது அல்ல. எங்கோ பத்தடி ஆழத்தில் தோண்டி எடுத்த அடிமண். உயிர்ச்சத்து இல்லாத கிராவல், சரளை, உடைந்த செங்கல், பிறகு கட்டடம் எழும்போது சிமெண்ட் பால். கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரின் கார அமிலக் குறியீடு (pH) 12-க்கு மேல் இருக்கும். நெல்லுக்கு ஏற்றது ஆறு, ஏழு. வண்டல் ஆடிப் பெருக்கில் மெல்லிய பூச்சாக வரும். இது ஐப்பசியில், நட்ட பயிரின் தலையில், ஒரே மூலையில் குவியலாக வந்து விழுகிறது.

பயிர் மூழ்கும்போது கலங்கல் இன்னொரு தீங்கும் செய்கிறது. நீருக்குள் இருக்கும் நெல் உடனே செத்துவிடுவதில்லை; மங்கலான ஒளியில் கொஞ்சமாவது உணவு தயாரித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருக்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் ஒளி போகும், கலங்கலாக இருந்தால் போகாது. தண்ணீர் வடிந்தபின் இலையில் ஒட்டிய சேறு மறுபடியும் ஒளியை மறைக்கும். சி.ஆர். 1009 சப்-1 போல வெள்ளம் தாங்கும் ரகங்கள் இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்து பிழைக்கக்கூடியவை என்கிறார்கள். அந்த இரண்டு வாரக் கணக்கும் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டு உழைத்து ஒரு மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வரப்போரம் ஒரு சாக்கு வைக்காததால் அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் ஆறவில்லை.

பாட்டிலுக்கு வருகிறேன். கொண்டுவந்து வைத்து ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் படிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் போன்ற மென்மையான அடுக்கு. சாயங்காலம் பார்த்தபோதும் மேல் தண்ணீர் கலங்கியே இருந்தது. ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் 1851-இல் இதற்குக் கணக்கு சொன்னார். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும். 0.02 மில்லிமீட்டர்த் துகள் ஒரு மீட்டர் இறங்க நாற்பது நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர்க் களித்துகளுக்கு அதே ஒரு மீட்டருக்கு இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அதாவது மணலையும் வண்டலையும் ஒரு குழியில் தேக்கிப் பிடித்துவிடலாம். களியைப் பிடிக்க முடியாது; அதைக் கிளம்பவிடாமல் இருப்பது ஒன்றே வழி. அல்லது துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்க வேண்டும். நம் பாட்டிமார் கலங்கிய குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்தது அதற்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார். பதினோரு ஆண்டு சிங்கப்பூரில் கட்டடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்ற பெயர் அப்படி அக்கரை போய் வந்தவர்களால் ஏற்பட்டது. பாட்டிலைப் பார்த்ததும் சிரித்தார்.

“அங்கல்லாம் இந்தத் தண்ணி டிரெயின்ல, அதான் வடிகால்ல, இறங்கிச்சுன்னா அன்னைக்கே வேலைய நிறுத்திப்புடுவாங்கண்ணே. மழ இருட்டிக்கிட்டு வந்தா மொத வேல மண்ண மூடுறதுதான். மத்ததெல்லாம் அப்பறம்.”

“யாரு வந்து பாக்கப்போறா?”

“டிரெயின் வாயில கேமரா இருக்குண்ணே. ஆபீஸ்லேருந்தே பாத்துக்கிட்டிருப்பாங்க.”

சொன்னது உண்மை. சிங்கப்பூரில் கட்டுமான இடத்திலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் இருக்கக் கூடாது. 50 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. மூடாத மேட்டிலிருந்து ஓடும் தண்ணீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். வேலை தொடங்கும் முன்பே, அதற்கென்று தகுதி பெற்ற ஒரு பொறியாளர் மண் தடுப்புத் திட்டம் வரைந்து, பி.யு.பி. என்கிற தேசிய நீர் முகமையிடம் கொடுக்க வேண்டும். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்குக் காரணம் எளிது. அந்த நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை வடிகால் வழியே குடிநீர்த் தேக்கத்துக்குப் போகிறது. கட்டட மண் வடிகாலில் இறங்கினால் அது ஊரார் குடிக்கும் தண்ணீரில் இறங்குகிறது.

கொத்தனார் தன் கையால் செய்தவற்றை வரிசையாகச் சொன்னார். அதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. சுற்றிலும் முழங்கால் உயரத் துணிவேலி, அடிப்பக்கம் அரை அடி மண்ணுக்குள் புதைத்து. புதைக்காவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்துவிடும் என்பதை இரண்டு முறை சொன்னார். மேலே நீல நிறத் தார்ப்பாய். வெளித் தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிவிட ஒரு சிறு வாய்க்கால். லாரி வெளியே போகும் இடத்தில் சக்கரம் கழுவும் தொட்டி. கடைசியில் தண்ணீர் சேரும் குழி. அங்கிருந்து பம்பு போட்டுத் தொட்டியில் ஏற்றி, மருந்து கலந்து களியைத் திரட்டி, தெளிந்ததை மட்டும் வெளியே விடுவது. தேற்றாங்கொட்டையின் பேரன் அந்த மருந்து.

இந்த அக்கறை எங்கும் இயல்பாக வந்துவிடவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கோர்டன் வுல்மன் என்ற புவியியலாளர் 1967-இல் ஆறுகளில் வரும் மண்ணை அளந்து ஒரு கட்டுரை எழுதினார். காட்டிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். உழவு நிலத்திலிருந்து கொஞ்சம் கூடுதல். வீடு கட்டத் திறந்து போட்ட நிலத்திலிருந்து உழவு நிலத்தைப்போல நூறு மடங்குக்கு மேலும் வந்தது. கட்டி முடிந்து புல்லும் கூரையும் வந்தபின் மறுபடி இறங்கிவிட்டது. இரண்டு, மூன்று ஆண்டுத் தொல்லை. ஆனால் அந்த மண் ஆற்றில் பல பத்தாண்டு கிடக்கிறது. 1970-இல் அந்த மாநிலமே மண் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதும் ஓர் ஏக்கர் நிலத்தைக் கிளறுகிற எந்தக் கட்டுமானத்துக்கும் மழைநீர் அனுமதி வேண்டும் என்ற நிலை 2003-இல் வந்தது.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர் முன் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு வரும் நிபந்தனைகளில் மேல்மண்ணை எடுத்துத் தனியே காத்துவைக்கச் சொல்வதும் உண்டு. 2016-ஆம் ஆண்டுக் கட்டுமானக் கழிவு விதிகள், கழிவைக் கொட்டி வடிகாலை அடைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லின. அவற்றின்படி திட்டம் எழுதித் தர வேண்டியிருந்தவர்கள் ஒரு நாளில் 20 டன் அல்லது மாதம் 300 டன் கழிவு தருகிறவர்கள் மட்டுமே. தளர்ந்த மண்ணை மூடிவைக்கச் சொல்லும் தூசு விதி 2018-இல் வந்தது. காற்று கெட்ட நகரங்களை நினைத்து எழுதியது அது. தூசுக்குப் போடும் தார்ப்பாய்தான் மழைக்கும் போடும் தார்ப்பாய் என்பதால் அதைச் சொல்கிறேன். மலைக்கு என்று தமிழ்நாடு 1990-இலேயே மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைத்தது. நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரத்தை இறக்கவே அனுமதி கேட்க வேண்டும். டெல்டாவுக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றைத் தடுக்கிற, நமக்கு மிகவும் வேண்டிய சட்டம்.

இத்தனைக்கும் நடுவில் 2,400 சதுர அடி மனை விழுந்துபோகிறது. மலை இல்லை, ஆலை இல்லை, 20,000 சதுர மீட்டர் இல்லை. 22 ஜூலை 2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி, அலைச்சல் போயிற்று. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த மனைக்கு மண் அடிப்பதை இனி யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

பழைய சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம், மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் தண்ணீர் கீழ் நிலத்துக்கு இயல்பாக ஓடுவதைக் கீழ் நிலக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது. இயல்பாக என்பதுதான் அங்கே உயிர்ச்சொல். நூறு தலைமுறை ஒரே மட்டத்தில் கிடந்த இரண்டு துண்டு நிலத்தில் ஒன்றை லாரி மண்ணால் உயர்த்திவிட்டு, நீ கீழே, நான் மேலே என்று சொன்னால் அதில் இயல்பு எங்கே இருக்கிறது? சட்டம் படித்தவர்கள் எப்படி வாதாடுவார்களோ தெரியாது. வரப்பில் நிற்கிற எனக்கு அது மேட்டு நிலமாகத் தெரியவில்லை, மேடாக்கிய நிலமாகத் தெரிகிறது.

ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் திறக்கும் முன் தூர் வாருகிறோம். 2022-இல் டெல்டா மாவட்டங்களில் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் வாரினார்கள். அந்தத் தூர் முழுவதும் மனை மண் என்று சொன்னால் பொய்யாகும். கரை சரிந்தது, ஆகாயத்தாமரை மக்கியது, நெய்வேலிக் காட்டாமணக்கு பிடித்துவைத்தது எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஊருக்குள் ஓடும் சின்ன வாய்க்காலிலும், நகர் போட்டபோது வைத்த குழாய் மதகிலும் கையை விட்டுப் பாருங்கள். சரளையும் சவுடும்தான் வரும். பொக்லைன் அந்தக் குழாய்க்குள் போகாது.

பழைய டெல்டா இதற்கு வழி வைத்திருந்தது. தண்ணீர் வரும் முன் நிலத்துக்கு ஏற்ப ஆள் அனுப்பி வாய்க்கால் வெட்டுவது குடிமராமத்து. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று அது சட்டமாகவே ஆக்கப்பட்டது. யார் நிலத்தின் ஓரம் ஓடுகிறதோ அவர் பொறுப்பு என்ற எண்ணம் அதற்கு அடியில் இருந்தது. வயல் மனையானதும் அந்தப் பொறுப்பு மட்டும் பத்திரத்தில் ஏறாமல் போய்விட்டது.

நகராட்சி ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விதி போதும் என்பது என் எண்ணம். முதலாவது, காலம். புரட்டாசி பாதிக்கு மேல் யாரும் மண் அடிக்கக் கூடாது. அறுவடை முடிந்து தை, மாசியில் அடிக்கட்டும். இறுக மழை வேண்டும் என்பது தவறான நம்பிக்கை: அரை அடி, அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கினால் மழையைவிட நன்றாக இறுகும். மழை மேலே உள்ள நாலு விரலைக் கரைத்து எடுத்துப்போவதோடு சரி. அடியில் உள்ளது சமமில்லாமல் இறங்கி, பிறகு தரையில் விரிசல் விடும். மாசியில் அடித்த மேட்டில் ஐப்பசிக்குள் அருகம்புல்லும் கோரையும் தானே ஏறிவிடும். அதைச் செதுக்கி அழகு பார்க்காமல் விட்டுவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியும் மழைக்கு முன் வெறும் மண் கிடந்தால் அதன் மேல் வைக்கோல். விஷ்மையர் சூத்திரத்தில் வெறும் மண்ணுக்கு மூடாக்கு எண் ஒன்று. ஏக்கருக்கு இரண்டு டன் கணக்கில் வைக்கோல் பரப்பினால் அது பத்தில் ஒன்றாகவும் அதற்குக் கீழேயும் இறங்குகிறது. 2,400 சதுர அடிக்கு நூற்றுப் பத்து, நூற்றிருபது கிலோ. குறுவை அறுவடை முடிகிற நேரமும் அதுதான். மழையில் நனைந்து மாடு முகர்ந்து பார்க்காத வைக்கோல் வரப்போரம் கிடக்கிறது. வயலை ஒட்டிய பக்கத்தில் மூன்றடி விட்டு மண் அடிப்பது, அந்த மூன்றடியில் வெட்டிவேர் நடுவது. நம் சொல்லையே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டு அந்தப் புல்லை அழைக்கிறார்கள். மண் பிடிக்க உலகமெல்லாம் அதை நடுகிறார்கள். தாழ்ந்த மூலையில் ஒரு குழி. அனுமதிப் படிவத்தில் மழைநீர் சேகரிப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது. 2003-இல் அது கட்டாயமானபோதும் நடக்காது என்றார்கள். இன்று அது இல்லாமல் வரைபடமே வராது. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் சேர்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

பாட்டில் வைத்த மறுநாள் சாயங்காலம் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு அந்த மனைக்குப் போனேன். மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய மைத்துனர் வந்திருந்தார். கொத்தனார் அவரிடம் நீளமாகப் பேசவில்லை. “மாப்ள, மண்ணு போவுதுய்யா, காசு போட்டு அடிச்ச மண்ணு,” என்றார். அது போதுமானதாக இருந்தது. வயல்காரர் பத்துக் கட்டு குறுவை வைக்கோல் கொடுத்தார். சிமெண்ட் சாக்கில் மண்ணை அடைத்து உடைப்பில் மூன்று வரிசை அடுக்கினார்கள். மேல் மூலையில் ஓடை இறங்கிய இடங்களை மண்வெட்டியால் கொத்திச் சமப்படுத்தி, வைக்கோலை உதறிப் பரப்பி, பறக்காமல் இருக்கக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். இரண்டு ஆள், ஒன்றரை மணி நேரம். சாக்கின் அடிவரிசையைக் கொத்தனார் ஒரு சாண் தோண்டிப் புதைத்தார்.

அன்று இரவும் மழை. விடியற்காலையில் அதே இடத்தில் இரண்டாவது பாட்டில் பிடித்தேன். முதல் பாட்டிலில் அதற்குள் அடியில் ஒரு விரற்கடை மணல், அதன் மேல் அரை விரற்கடை வண்டல், மேலே உள்ள தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல. இரண்டாவதில் மணல் இல்லை. நிறம் மட்டும் லேசாக இருந்தது. மறுபக்கம் வைத்த செய்தித்தாளின் தலைப்பெழுத்தைப் படிக்க முடிந்தது, செய்தியைப் படிக்க முடியவில்லை. கொத்தனார் இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அம்பது வராதுண்ணே,” என்றார். “ஆனா முந்தாநேத்துக்கு இது பரவால்ல. அந்த மூலையில ஒரு குழி எடுத்துருவோம்.”